செடின்னு சொன்னது யாரு

அதை உள்ள கொண்டு வராதே. வெளியவே வை. ஆமா, அந்தத் தொட்டியைத்தான் சொல்றேன். செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல வை, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. போனாலும் பரவாயில்லை. எவ்வளவு யோசிச்சு வாங்கியிருக்கேப்பா! படுத்த படுக்கையாக் கிடக்கிற கூடப்பிறந்த அண்ணனைப் பாக்க வர்றவன் பழம் வாங்கிட்டு வருவான், பிஸ்கட்டாவது வாங்கிட்டு வருவான். நீ செடியைப் பாக்கறதுக்குச் செடி வாங்கிட்டு வந்திருக்கே. ஒண்ணுக்கொண்ணு பேச்சுத்துணையா இருக்கட்டும்னா?

ஆக்சிஜன் குடுக்கும்னு கடைக்காரன் சொன்னானா? ராத்திரியில கூடவா? காத்து சுத்தம் பண்ற மெஷின் விக்கிறவன் நீ, உனக்கே ஒருத்தன் காத்தை வித்துட்டான் பாரு. நல்லா வேணும்.

இல்ல, நான் சாதாரணமாத்தான் பேசுறேன். இப்பல்லாம் என் சாதாரணமே இதுதான். உள்ள வா. மூச்சு வாங்குதா? லிஃப்ட் ஓடி மாசக்கணக்காச்சு, நீ இப்பதானே வர்றே, உனக்கெப்படித் தெரியும். உக்காரு. அட, மரமாட்டம் நிக்காதேன்னு... பாத்தியா, என் வாயிலயும் அதே வந்துடுச்சு. நம்ம பேச்சே அப்படித்தான் இருக்கு. அசையாம நின்னா மரம், சொன்னது ஏறலைன்னா மரமண்டை, ஒண்ணுக்கும் உதவலைன்னா பட்டமரம். அதுங்க நமக்கு என்ன பாவம் பண்ணிச்சோ.

அந்த ரூம் பக்கம் இப்பப் போக வேண்டாம். அப்புறம் பாக்கலாம். கதவு ஒருக்களிச்சே இருக்கட்டும், மெதுவாப் பேசு, அவருக்குக் காது நல்லாக் கேக்குது. நான் மெதுவாத்தான் பேசுறேன். டீச்சர் குரல், பின்பெஞ்சு வரைக்கும் போய்ப் பழகினது, என்ன பண்றது.

நீ மறந்திருப்பே. எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தா அப்படியே கண்ணுல நிக்குது. ஸ்கேன் ரூமுக்கு வெளியில, அந்தக் காப்பி மெஷின் பக்கத்துல. முந்தின நாள் வரைக்கும் துறைமுகத்துல கிரேன் ஓட்டிட்டு, அந்த உசரத்துலேர்ந்து கீழ நிக்கிறவனைக் கத்தியே கூப்பிட்ட மனுஷன், தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சு உள்ள கிடக்கிறாரு. டாக்டர் வந்து என்ன சொன்னாரு? கண்ணைத் திறக்கிறாரு, மூச்சைத் தானா விடறாரு, ஊட்டினா முழுங்குவாரு, ஆனா நாம பேசுறது அவருக்குப் புரியுதா இல்லையான்னு இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மான்னாரு. அவ்வளவுதான் அவரு சொன்னது. நீதான் கையில காப்பிக் கப்போட முந்திக்கிட்டுக் கேட்டே, அப்போ ஒரு செடி மாதிரின்னு வச்சுக்கலாமா டாக்டர்னு. அந்த நேரம் பாத்து அவரு போன் அடிச்சுது. தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. ஆட்டினது உனக்கா, போன்ல இருந்தவனுக்கா, யாருக்குத் தெரியும்! ஆனா நீ கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே.

டாக்டரே சொல்லிட்டாரு, அண்ணன் இனிமே செடி மாதிரிதான்னு அன்னைக்கே எல்லாருக்கும் போனைப் போட்டே. உங்க அத்தைக்கு, மாமாவுக்கு, கிரேன்ல கூட வேலை செய்ற ஆளுங்களுக்கு. அவங்க என்ன பண்ணுவாங்க பாவம், டாக்டர் சொன்னா வேதம். அதுக்கப்புறம் ஒருத்தர் வந்து எட்டிப் பாக்கணுமே! செடியைப் பாக்க யாரு பஸ் ஏறி வருவா? உன் பொண்டாட்டி போன் பண்ணினா. எப்படி இருக்காருன்னு கேக்கல. எப்படி இருக்குன்னு கேட்டா. இருக்கு! அஃறிணையாக்கிட்டீங்கடா அவரை. போகட்டும், அவ நாக்கு தவறியிருக்கும்னு விட்டேன். பின்னாடியே உன் பொண்ணு போனை வாங்கி, பெரியம்மா, பெரியப்பாவுக்கு இன்னைக்குத் தண்ணி ஊத்திட்டீங்களான்னு கேக்குது. குழந்தை. அதுமேல எனக்கு என்ன கோவம்? பெத்தவன் வீட்ல பேசினதை அது திருப்பிச் சொல்லுது. போனை வச்சுட்டுக் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதேன், அந்த ரூமுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். அதைத் தொட்டியோட வெளியவே வை.

சரி, நான் ஒண்ணு கேக்கறேன். உனக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்? ஏழாங்கிளாசுல என்கிட்ட படிச்சிருந்தா முட்டி போட வச்சிருப்பேன். செடி ஆக்சிஜனை வெளிய விடும், நாம உள்ள இழுப்போம், அதோட பாடம் முடிஞ்சுதுன்னு ஊரே நினைச்சிக்கிட்டிருக்கு. அது மூச்சில்லப்பா, அது சமையல். வெயில் இருக்கிறப்போ இலையில அடுப்பு மூட்டி, காத்தையும் தண்ணியையும் போட்டுச் சமைக்குது, அப்போ மிச்சமாறதைத்தான் நமக்கு விடுது. சமையல் பகல்ல மட்டும். மூச்சு ராத்திரி பகல் ரெண்டு வேளையும். நம்மளை மாதிரியேதான், ஆக்சிஜனை இழுத்துக் கெட்ட காத்தை விடும். யாரு கையையும் எதிர்பாக்காம தன் சோத்தைத் தானே ஆக்கித் திங்கிற ஜாதி. உன்னால ஒரு முட்டை அவிக்க முடியுமா? நீயா என் புருஷனைச் செடின்னு கேவலமாச் சொல்றே?

ஒரு தடவை பரீட்சையில கேட்டிருந்தேன், செடிக்கும் பிராணிக்கும் உணவு முறையில என்ன வித்தியாசம்னு. ஒரு பொண்ணு எழுதியிருந்தா, செடி தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே செஞ்சுக்கும், பிராணி எங்க அப்பா மாதிரி, உக்காந்த இடத்துக்கு வரணும்னு. முழு மார்க் போட்டேன். வீட்டுக்கு வந்து உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சுட்டு, அப்போ நான் பிராணிதான்டி, தட்டைக் கொண்டான்னாரு. இந்தா, நீ உக்காந்திருக்கிற அதே நாற்காலிலதான். அந்த மனுஷனுக்குத்தான் நீ இலை வரைஞ்சு ஒட்டிட்டே.

சிரிக்காதே. சிரிக்கறதுக்குச் சொல்லல.

நான் என்ன சும்மாவா இருந்தேன்? ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சு உனக்குத்தானே போன் பண்ணினேன். சாவி சத்தம் கேட்டா கண்ணு கதவுப் பக்கம் போகுதுன்னேன். சூரியகாந்தி கூடத் திரும்புது அண்ணின்னே. உள்ளங்காலைத் தொட்டா இழுத்துக்கிறாருன்னேன். தொட்டாச்சிணுங்கி பாத்ததில்லையான்னே. கண்ணுல தண்ணி வந்துச்சுன்னேன். அது சும்மா ரிஃப்ளெக்ஸ், நெட்ல போட்டிருக்குன்னே. தாடி வளருது, நகம் வளருதுன்னேன். அதுக்கு நீ ஒரு பெருமூச்சு விட்டே. அந்தப் பெருமூச்சுக்கு உன்னைச் செருப்பால அடிக்கணும்.

வயித்தெரிச்சல் என்னன்னா, எனக்குப் பதில் தெரியல. நானே நடத்தின பாடம்தானே! உயிருள்ளது எல்லாம் சாப்பிடும், மூச்சு விடும், வளரும், கழிவை வெளிய தள்ளும், அசையும், தொட்டா உணரும். இதெல்லாம் செடிக்கும் உண்டு பசங்களா, செடியை மட்டமா நினைக்காதீங்கன்னு தொண்டை வறளக் கத்தினவ நான்தான். சொல்லு சொல்லுன்னு ஒப்பிக்க வச்சேன். இப்ப நான் எதைக் காட்டினாலும் அது செடிக்கும் இருக்கு. என் வாயே எனக்கு எமன். ராத்திரியும் பகலும் இதே யோசனை. பிராணிக்கு இருந்து செடிக்கு இல்லாதது ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும், உன் மூஞ்சியில அடிக்கிற மாதிரி காட்டிடலாம்னு தேடிக்கிட்டே இருந்தேன்.

வேண்டாம், நீ எனக்குச் சமாதானம் சொல்லாதே. டீ போடவா? போடலைன்னா நாளைக்கு அண்ணி ஒரு வாய்த் தண்ணி கூடக் குடுக்கலைன்னு அதுக்கும் போன் போடுவே.

எழுந்து வா, கிச்சனுக்கு. இங்கேர்ந்து பேசினா இன்னும் நல்லது, மிக்ஸி பக்கம் சத்தம் அந்த ரூமுக்குப் போகாது.

இங்கதான் என் குடித்தனமே. காலையில எழுந்தா அவிக்கிறது, அரைக்கிறது, வடிகட்டுறது. கட்டியா இருந்தா தொண்டையில நிக்கும், தண்ணியா இருந்தா மூச்சுக்குழாய்க்குள்ள ஓடிடும். தேன் ஒழுகுற பதம் இருக்கணும். தெரியுமா உனக்கு, நமக்குச் சாப்பாடு போற வழியும் காத்து போற வழியும் தொண்டையில குறுக்க வெட்டிக்குது. எந்த மடையன் கட்டினானோ! நடுவுல துளியூண்டு ஒரு மூடி. முழுங்கும்போது அது காத்து வழியை மூடணும், முழுங்கினதும் திறக்கணும். அவருக்கு அந்த மூடி சோம்பேறியாயிடுச்சு. அதனால மோவாயைக் கொஞ்சம் கீழ இறக்கி, ஒரு கரண்டி வச்சு, குரல்வளை ஏறி இறங்குதான்னு பாத்து, மூச்சு வெளிய வருதான்னு மூக்குக்கிட்ட என் கன்னத்தை வச்சுப் பாத்து, அப்புறம்தான் அடுத்த கரண்டி. அவரு முழுங்கறப்போ நான் மூச்சை நிறுத்திக்குவேன். என்னை அறியாமயே. ஒரு கிண்ணம் ஊட்டி முடிக்கிறதுக்குள்ள நான் மாடி ஏறினவ மாதிரி ஆயிடுவேன்.

புரை ஏறினா போச்சு. நீலம் பாரிச்சிடும். செடிக்குப் புரை ஏறுமாப்பா? ஒரு நாள் அப்படித்தான் ஏறிச்சு. நிமித்தி முதுகுல தட்டித் தட்டி, சரியானதும் நான் அவர்கிட்ட சொன்னேன், யாரோ நினைக்கிறாங்க உங்களை, உங்க தம்பியாத்தான் இருக்கும்னு. சும்மா சொன்னேன். அவரு முகத்துல ஒண்ணும் தெரியல. நீ அன்னைக்கு நினைச்சிருக்கவும் மாட்டே.

நீ ஒரே ஒரு தடவை வந்தே, ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்த புதுசுல. நான் ஊட்டறதைப் பாத்துக்கிட்டு நின்னே. அவரு வாயோரமா வழிஞ்சுது. உனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு, நான் பாத்தேன், நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே. அதுகூட மன்னிச்சிடலாம். எல்லாருக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா அதுக்கப்புறம் அவர் தலைமாட்டுல நின்னுக்கிட்டே என்ன சொன்னே? எவ்வளவு நாள் அண்ணி இப்படி ஊட்டிக்கிட்டே இருப்பீங்க, எங்கயாவது பாத்துக்கிற இடத்துல விட்டுடலாம், இல்ல இயற்கையா என்ன நடக்குதோ விட்டுடுங்க, அவருக்கா தெரியப் போகுதுன்னே. தலைமாட்டுல நின்னு! காதுக்கு ஒரு முழம் தள்ளி! அவரு கண்ணு உன் சட்டைப் பட்டனையே பாத்துக்கிட்டிருந்துச்சு. நீ போனதும் நான் அந்த ரூமுக்குள்ள போகவே பயந்தேன். தின்ன சோறு செரிக்கணும்டா உனக்கு. எப்படிச் செரிச்சுது?

என்ன, கண்ணைத் துடைக்கிறே? அதுவும் ரிஃப்ளெக்ஸா?

இரு, இரு. அந்தக் கிண்ணத்தைத் தொடாதே. அது அவரோடது. மூடி வச்சிருக்கேன். ஆமா, முழுசாத்தான் இருக்கு. ஆறிப்போச்சு, சூடு பண்ணணும்.

சண்டை போடறதுக்கா கூப்பிட்டேன்னு கேக்கறியா? ஆமா, அதுக்கும்தான். இவ்வளவு நாள் சேத்து வச்சிருந்தேன், கொட்டிட்டேன். டீயைக் குடி.

நான் தேடினேன்னு சொன்னேன்ல, அது கிடைச்சுடுச்சு.

முந்தாநேத்து காலையில. எப்பவும் போல மோவாயை இறக்கி, கரண்டியைக் கொண்டு போனேன். வாயை மூடிக்கிட்டாரு. உதடு ஒட்டிக்கிச்சு. வறண்டிருக்கும்னு ஈரத்துணியால துடைச்சுட்டு மறுபடி கொண்டு போனேன். முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. இந்தப் பக்கம் கொண்டு போனா அந்தப் பக்கம். கழுத்து நடுங்குது, ஆனா திருப்புறாரு. அசையவே அசையாத கழுத்து.

எனக்கு முதல்ல என்ன வந்துச்சுன்னு நினைக்கிறே? சந்தோஷம். சத்தியமாச் சொல்றேன், கரண்டியோட எழுந்து குதிச்சேன். செடி வேண்டாம்னு சொல்லாதுப்பா! சாக்கடைத் தண்ணியை ஊத்து, வேர் குடிக்கும். போட்ட இடத்துல நிக்கும், குடுத்ததை எடுத்துக்கும். வேணாம் போடின்னு முகத்தைத் திருப்பறதுக்கு உள்ள ஒரு ஆள் இருக்கணும். இருக்காரு! முழுசா இருக்காரு! ஓடி வந்து போனை எடுத்தேன், உனக்குத்தான். உன் மூஞ்சியில அடிக்கிற மாதிரி சொல்லணும்னு. நம்பரைப் போட்டு, ரிங் போகுது. அப்போதான் எனக்கு உறைச்சுது, எதை வேண்டாங்கறாருன்னு. கட் பண்ணிட்டேன். மிஸ்டு கால் பாத்திருப்பியே.

அன்னைக்கு மதியமும் வாங்கல. நேத்தும் வாங்கல. தண்ணி மட்டும் உதட்டுல தடவினா நக்கிக்கிறாரு, அதுவும் இன்னைக்கு இல்ல. பழத்தை மசிச்சுக் குடுத்துப் பாத்தேன், இனிப்பாக் குடுத்துப் பாத்தேன், கெஞ்சினேன், திட்டினேன். ஏங்க, என்னை விட்டுட்டுப் போறதுக்கா வாயை மூடறீங்கன்னு கேட்டேன். என்னையே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. இவ்வளவு நாள்ல அப்படிப் பாத்ததில்ல.

டாக்டர்கிட்ட போன்ல சொன்னேன். இன்னைக்கு சாயங்காலம் வர்றேன், மூக்கு வழியா டியூப் விட்டு வயித்துக்கு அனுப்பிடலாம், அவரு வாயைத் திறக்கவே வேண்டாம்னாரு. போடலைன்னா என்ன ஆகும்னு கேட்டேன். அது உங்களுக்கே தெரியுமேம்மா, நீங்க டீச்சர்தானேன்னாரு. வீட்டாளுங்க பேசி முடிவு பண்ணுங்கன்னாரு. வீட்டாளுங்கன்னா யாரு? எனக்குப் பிள்ளையா குட்டியா? நீதான்.

டியூப் போட்டா அவரு வேண்டாம்னு சொல்றதுக்கு வழியே இல்லாமப் போயிடும். ஊத்துவேன், உள்ள போகும். அப்போ நானே அவரைச் செடியாக்கிட்டேன்னு ஆகும். போடலைன்னா நீ அன்னைக்குத் தலைமாட்டுல நின்னு சொன்னதை நான் செஞ்சேன்னு ஆகும். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியல. புத்தி வேலை செய்யல. அதான் காலையில கூப்பிட்டேன்.

இல்ல, உன்னை முடிவு சொல்லச் சொல்லல. நீ சொன்னா நான் கேக்கவா போறேன்? வேற ஒண்ணு. எனக்கு ஒரு நப்பாசை. ஒருவேளை என் மேல கோவமோ என்னமோ. ஊட்டறப்போ சில நாள் நானும் வெடுக்குனு ஏதாவது சொல்லியிருக்கேன், யாருதான் சொல்ல மாட்டா. என் கை அலுத்துப் போச்சோ, நான் அரைக்கிறது நாக்குக்குப் பிடிக்கலையோ. அப்படி இருந்தா நல்லது. என்னை மட்டும்தான் வேண்டாங்கறாருன்னா எனக்கு அதைவிட சந்தோஷம் வேற இல்ல.

கையைக் கழுவிட்டு வா. நீ ஏற்கெனவே கழுவின மாதிரி இல்ல, சோப்பு போட்டு நிஜமாவே கழுவு. நான் இதைச் சூடு பண்றேன். சின்னக் கரண்டி, பாதிக்கு மேல எடுக்காதே. மோவாயை இறக்கி, முழுங்கினாரான்னு தொண்டையைப் பாரு, அவசரப்படாதே. குமட்டிச்சுன்னா அடக்கிக்கோ, ஜன்னலைப் பாக்காதே, அவரைப் பாரு. நான் உள்ள வரல. இங்கயே நிக்கிறேன்.

உன் கையில வாங்கிட்டாருன்னு வை, ஆயுசுக்கும் உன்னை மன்னிக்க மாட்டேன். ஆனா வாங்கட்டும்பா. போ, ஆறிடப் போகுது.